உதைப்பவனின் அம்மா சனிக்கிழமை வரமாட்டாள்

மயக்கம் எல்லாம் இல்லை. கழிப்பறை வரிசையில் மாட்டிக்கொள்ளவும் இல்லை. பிரெட்டின் அம்மா காலீன் எல்லோரிடமும் சொல்லி வைத்திருப்பதுபோல் இதயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

முறையாகத் தொடங்கவில்லை, பார். அன்பு மகன் ஆக்சலுக்கு அம்மா மார்லிஸ் எழுதுவது. இங்கே நான் சுகம். நிலவறைக் கொதிகலன் இருமிக்கொண்டே சுகம். பக்கத்து வீட்டு நாயும் சுகம்; அது இப்போது நம் வாசலில்தான் படுக்கிறது, அதன் வீட்டில் ஆள் அதிகமாம். நீயும் உன் வலது முழங்காலும் அங்கே சுகமாக இருக்க வேண்டும்.

நீ அனுப்பிய செய்தியில் இரண்டு கேள்விகள். "எங்கம்மா போன?" என்பது ஒன்று. "வர்ற சனிக்கிழமை என்கூட நடப்பதானே?" என்பது இன்னொன்று. இரண்டாவதற்குப் பதில் சின்னது. மாட்டேன். முதலாவதற்குப் பதில் நீளம். போனில் சொன்னால் நடுவில் நீ சிரித்துவிடுவாய், அப்புறம் நானும் சிரித்துவிடுவேன், சொல்ல வந்தது நின்றுபோகும். அதனால் கடிதம்.

மற்றவர்கள் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டத்தில், இரண்டு கம்பத்துக்கு நடுவே உதைப்பதற்கென்றே ஒருவன்; அந்த உதைப்பவர்களின் அம்மாக்கள் எல்லோரும் ஏதாவது செய்கிறார்கள். இது உங்களுக்குத் தெரியாது, நீங்கள் அந்த நேரத்தில் காலரியைப் பார்ப்பதில்லை. ஒருத்தி தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொள்வாள். போன வருடம் ஒருத்தி, பிள்ளை உதைக்க வரும்போதெல்லாம் பின்னல் ஊசியை எடுத்துக் கண்ணி எண்ணுவாள். வருட முடிவில் ஒரு முழு மேசைவிரிப்பு இருந்தது. நான் காலரிக்கு அடியில் போய்விடுவேன். போன வருடம் கடைசி ஆட்டத்தில் உன் உதை கம்பத்துக்கு வெளியே போனதே, அன்றிலிருந்து. அன்று என் பின்வரிசையில் ஒருவர், "இந்தப் பையனுக்கு யாருய்யா கால் குடுத்தது?" என்று கேட்டார். நான்தான் என்று திரும்பிச் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. ஆனால் நான்தான்.

அதனால் அதற்கப்புறம் உன் உதை எதையும் நான் பார்த்ததில்லை. கேட்டிருக்கிறேன். இரும்புத் தூண்களுக்கு நடுவே நின்றால் நன்றாகவே கேட்கும். முதலில் கூட்டம் அடங்கும். பிறகு தடக் என்று ஒன்று. அது உன் கால். பிறகு எதுவுமே இல்லாத ஒரு நொடி. பிறகு கூட்டம். நம் மைதானத்தில் கத்தினால் உள்ளே. வெளியூரில் கத்தினால் வெளியே. இந்தக் கணக்கில் நான் தவறியதே இல்லை.

போன சனிக்கிழமையும் தவறியிருக்க மாட்டேன், நீங்கள் ஒழுங்காக உதைத்திருந்தால்.

எதிரிக் கல்லூரியின் மைதானம். நாலாபுறமும் சிவப்புத் தொப்பிகள், ஒரு மூலையில் நாம் கொஞ்சம் பெற்றோர், மடியில் போர்வையோடு. நான் இறைச்சி போட்டுச் சுட்டுக் கொண்டுபோன உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் பாதியில் உறைந்துவிட்டது, ஆனாலும் எல்லோரும் மரியாதைக்குத் தின்றார்கள். மூன்று புள்ளி பின்னால் இருந்தோம். கடிகாரத்தில் இன்னும் ஒரே ஒரு முயற்சிக்குத்தான் நேரம். நீ கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி, சமம்; பிறகு கூடுதல் நேரம். நீ ஓடி வருவது தெரிந்ததும் நான் எழுந்தேன். காலீன் என் கோட்டைப் பிடித்தாள். அவளுக்கு என்ன, அவள் பிள்ளை பிரெட், நீ உதைப்பதற்குப் பந்தை வாங்கித் தரையில் நிறுத்துகிறவன். நிறுத்துகிறவனை யாரும் திட்டுவதில்லை.

"உக்காரு மார்லிஸ். இப்பப் போயி எங்க ஓடுற?"

"கையுறை கார்ல இருக்கு."

"கைல போட்டிருக்கிறது என்ன?"

"இது வேற."

படி இறங்கிவிட்டேன். கீழே கோக்கோ விற்கும் கடை ஒன்றுதான் திறந்திருந்தது. சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பருத்த அம்மாள், பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, ஆட்டம் முடியப்போற நேரத்துல வந்து நிக்கற?"

"சும்மாதான்."

"யாரு உன் பையன்?"

"உதைக்கிறவன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். ஒரு கோப்பையில் மிச்சமிருந்த கோக்கோவை ஊற்றி என் பக்கம் தள்ளினாள். "காசு வேணாம், குடி. என் தங்கச்சி மகனும் உதைச்சவன்தான். அவ ரெண்டு வருஷம் கார்லயே உக்காந்திருந்தா. மொதல்ல ரேடியோ கேப்பா. அப்பறம் அதயும் அணைச்சுட்டா."

"இப்ப எப்படி இருக்கா?"

"நல்லாருக்கா. அவன் படிப்ப முடிச்சிட்டான்ல."

மேலே கூட்டம் அடங்கியது. இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம், அங்கே பலகைதான் இருந்தது. தடக் என்று கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அதற்குப் பதில் ஒரு பெரிய மூச்சு, எல்லோரும் ஒன்றாக இழுத்தது. அடுத்து ஆரவாரம். தலைக்கு மேல் இரும்பு அதிர்ந்தது, கவிழ்த்து வைத்த பாத்திரம் ஒன்று தானாக நகர்ந்தது. அந்த அம்மாள் தன் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டாள், துக்க வீட்டில் நிற்பதுபோல்.

"மனசுல வச்சுக்காதம்மா," என்றாள். "எங்க ஆளுங்க இப்படித்தான் கத்துவானுங்க."

நான் நினைத்தது இது: போன வருடமாவது பந்தில் கால் பட்டது.

கிளம்பிவிட்டேன். உன் முகத்தைப் பார்க்கப் பயந்து அல்ல. என் முகத்தை நீ பார்க்கக் கூடாது என்று. போன வருடம் பஸ்ஸில் ஏறும்போது என்னைப் பார்த்துவிட்டு நீ திரும்பி வந்தாய். தோற்றவன் நீ. என் முதுகைத் தட்டி, "பரவாயில்லம்மா, ஒரு ஆட்டம்தான்," என்றாய். உன் நண்பர்கள் எல்லோரும் ஜன்னலில். இரண்டாவது முறையும் நீ அந்த வேலையைச் செய்யக் கூடாது. போனை அணைத்தேன். கடையை விட்டுப் பத்தடி போவதற்குள் பின்னால் ஆரவாரம் வெட்டிவிட்டதுபோல் நின்றது. கத்திக் களைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஏதோ ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் பேர் தொண்டை கிழியக் கூச்சலிட்டார்கள். அடிதடி போலிருக்கிறது, காலீன் யாரையாவது அடித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். நெரிசலே இல்லை. சாலை முழுக்க எனக்கு.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டியிருப்பேன். பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். உள்ளே இருந்தவர் ரேடியோவுக்குள் தலையை விடாத குறையாக உட்கார்ந்திருந்தார். நம் கல்லூரிச் சட்டை. அறுபது வயதுக்கு மேல். உள்ளே வந்த முதல் ஆள் நான்தான் போல.

"கேட்டீங்களா?"

"இல்ல."

"கேக்கலயா? ஐயோ, நில்லுங்க." கல்லாவை விட்டு வெளியே வந்துவிட்டார். அலமாரியிலிருந்து நீள ரொட்டிப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். கண்ணாடி துடைக்கும் நீலத் தண்ணீர் டப்பாக்களுக்கு நடுவே ஒற்றைக் காலை மடித்து உட்கார்ந்தார், முழங்கால் சொடக்கியது. "நான் பந்தப் பிடிக்கிறவன். பந்து வருது. கைலருந்து நழுவுது. நழுவலங்க, நழுவுற மாதிரி. டக்குனு முழங்காலுக்குப் பின்னாடி வச்சுக்கறான். செவப்புத் தொப்பிக் கூட்டம் எழுந்து குதிக்குது, ஜெயிச்சுட்டோம்னு. இப்ப அந்த உதைக்கிற பையன் என்ன பண்றான்?"

"என்ன பண்றான்?"

"தலைல கை வச்சுக்கறான்." தாமே எழுந்து தலையில் கை வைத்தார், ஒரு கையில் ரொட்டியோடு. "அப்படியே ஓரமா நடக்கறான், வீடு தீப்பிடிச்சவன் மாதிரி. ஒருத்தன் கூட அவன் பக்கம் திரும்பல. எப்படித் திரும்புவான்? உதைக்கிறவன யாருங்க பாக்கறாங்க?"

நான் கையுறையைக் கழற்றினேன்.

"மூலை வரைக்கும் போயிட்டான். அங்க திரும்பி நின்னு கைய நீட்டறான். இவன் எழுந்து எறியறான்." ரொட்டியை என்னிடம் எறிந்தார். பிடித்துவிட்டேன். "அவ்வளவுதான். கோட்டுக்கு அந்தப் பக்கம் புடிச்சுட்டான், ஆறு புள்ளி, ஜெயிச்சாச்சு. ஊரே செத்துப்போச்சு. அத்தன செவப்புத் தொப்பியும் கப்சிப். ரேடியோல எங்க பசங்க கத்தறது மட்டும் கேட்டுச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணுதான் கஷ்டமா போச்சு. அந்தப் பையனோட அம்மாவ மைக்ல கூப்புட்டாங்களாம். ரெண்டு தடவ. வரவே இல்லையாம். என்ன அம்மாவோ."

"வேலை இருந்திருக்கும்."

"இதவிட என்னங்க வேலை?"

அந்த ரொட்டியை வாங்கிக்கொண்டேன். நசுங்கியிருந்தது.

ஆக, உன் ஆட்டத்தை நான் பார்த்தேன், ஆக்சல். பெட்ரோல் பங்கில். உன்னைவிட நாற்பது வயது மூத்தவர் உனக்காக நடித்தார், நன்றாகவே நடித்தார். நீ நடிப்பாய் என்றுதான் எனக்குத் தெரியாது. மூன்றாம் வகுப்பு கிறிஸ்துமஸ் நாடகத்தில் உனக்கு ஆட்டுக்குட்டி வேஷம், சும்மா நின்றால் போதும்; நீ நடுவில் எழுந்து எனக்குக் கை ஆட்டினாய்.

வண்டியைத் திருப்பினேன். அதைச் சொல்லியாக வேண்டும், நான் திருப்பினேன். பாதி வழியில் உங்கள் பஸ் எதிரே வந்தது, உள்ளே எல்லா விளக்கும் போட்டு, எல்லோரும் எழுந்து நின்றுகொண்டு, ஜன்னலில் யாரோ கோப்பையாகக் கொடுக்கும் அந்தப் பழைய பால்கேனைத் தூக்கிக் காட்டினார்கள், ஐந்து வருடமாக அந்த ஊர்க்காரர்கள் ஜெயித்து வைத்திருந்த அதே கேனை, நான் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டேன், ஹாரன் அடித்தேன், யாரோ எனக்குக் கை காட்டினார்கள், நீ இல்லை, பஸ் போய்விட்டது. இப்போது மறுபடியும் தப்பான திசையில் நான். அடுத்த திருப்பம் வர ரொம்ப தூரம். அங்கே திரும்பி, பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று ஓட்டினேன். நடுவில் ஒரு டிராக்டர் புகுந்தது. அதன் பின்னாலேயே வீடு வரைக்கும்.

வீட்டில், அணைத்திருந்த போனைப் போட்டதும் அது மேசையில் நடுங்கி நடுங்கி விளிம்பு வரை போனது. எல்லாம் வாழ்த்து. டெக்சஸிலிருந்து உன் அப்பா கூப்பிட்டார். ஒரு ஆட்டத்துக்கும் வராதவர். விடியோவில் பார்த்திருக்கிறார், புது மனைவி, அவள் பிள்ளைகள், எல்லோரும் சோபாவில் உட்கார்ந்து.

"பாத்தியா மார்லிஸ்?"

"பாத்தேன்."

"நேர்ல எப்படி இருந்துச்சு?"

"குளிர்."

"நாங்க பன்னெண்டு தடவ போட்டுப் பாத்துட்டோம்," என்றார்.

நான் போட்டுப் பார்க்கவில்லை. இன்றுவரை இல்லை. எல்லோரும் அனுப்புகிறார்கள், சின்னச் சின்னப் பெட்டியாக வந்து நிற்கிறது, நடுவில் ஒரு முக்கோணம். விரலை வைத்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இதைவிட மோசம். ஆராதனை முடிந்து கீழே காப்பிக்கு இறங்கியதும் என்னைச் சுற்றி நாற்காலி போட்டுவிட்டார்கள். சொல்லு மார்லிஸ், சொல்லு. நான் சொன்னேன். பங்க்காரர் சொன்னதை அப்படியே. முதலில் கொஞ்சம், பிறகு போகப் போக வந்தது, பிரெட்டின் முழங்கால், உன் கை தலையில், வீடு தீப்பிடித்தவன் மாதிரி. போதகர் தாமதமாக வந்ததால் அவருக்கு முதலிலிருந்து. இரண்டாம் முறை நீ பிடிக்கும்போது வழுக்கினாய் என்று நானே சேர்த்தேன். எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். மூன்றாவது முறை, காப்பிக்கூஜாவுக்குப் பக்கத்தில் நின்ற ஹாரோல்ட் டால்பெர்க் மெதுவாக, "வழுக்கலயே. நான் அந்த மூலைலதான் நின்னேன்," என்றார். பிறகு அவர் மனைவி, "அம்மாவுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்? கேக்கத் தின்னுங்க," என்றாள். ஹாரோல்ட் என்னை ஒருமுறை பார்த்தார். கேக்கைத் தின்றார். நல்ல மனிதர்.

அப்புறம் திங்கள்கிழமைப் பத்திரிகை. நீ பார்த்திருப்பாய். நீ யாரையோ கட்டிக்கொண்டு அழும் படம். முகம் தெரியவில்லை, போர்வையும் கொண்டையும் மட்டும். அடியில், ‘வெற்றி நாயகனும் அவர் தாயும்’. நான் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன், ஒரு கணம் நான்தான் என்று நம்பினேன். கொண்டை காலீனுடையது.

அவளே கூப்பிட்டாள். "மார்லிஸ், சத்தியமா நான் சொல்லல. பேப்பர்காரன் வந்து, நீங்க அம்மாவான்னு கேட்டான். ஆமான்னேன். அம்மாதான நான். யாரோட அம்மான்னு அவன் கேக்கல."

"சரி, விடு."

"அவன் அழுதான் மார்லிஸ். காலரியையே பாத்துட்டு நின்னான். யாராவது புடிச்சுக்கணும்ல."

"நல்லதுதான் பண்ண."

"கோவமா?"

"இல்ல காலீன்."

"உன் ஹாட்டிஷ் பாத்திரம் எங்கிட்ட இருக்கு. கழுவிட்டேன்."

கோபம் இல்லை. காலரியையே பார்த்துக்கொண்டு நின்றாய் என்றாளே, அதைத்தான் நான் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறேன். சமையலறையில் வைத்தேன். படுக்கையறைக்குக் கொண்டுபோனேன். எங்கே வைத்தாலும் இடிக்கிறது.

யோசித்துப் பார்த்தேன். நான் காலரியிலேயே உட்கார்ந்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன். பிரெட் கையில் பந்து நழுவியதும் நம்பியிருப்பேன். நீ தலையில் கை வைத்ததும் கண்ணை மூடியிருப்பேன். அத்தனை சிவப்புத் தொப்பிகளும் ஏமாந்தது ஒரு கணம்தான். நான் ஒரு வருடமாக, நீ தவறவிடுவாய் என்று ஒவ்வொரு வாரமும் முன்கூட்டியே நம்பிக்கொண்டு கீழே நின்றிருக்கிறேன். உன்மேல் நம்பிக்கை இருக்கிறதா என்று யாராவது கேட்டால் உடனே இருக்கிறது என்பேன். இரும்புத் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு.

அதனால்தான் வருகிற சனிக்கிழமை வரமாட்டேன். கடைசி வருடப் பையன்கள் பெற்றோரோடு கை கோத்துக்கொண்டு நடுமைதானம் வரை நடப்பார்கள். பெயரை மைக்கில் வாசிப்பார்கள். ஆக்சல் ஸ்டென்ருட், உடன் அவர் தாய் மார்லிஸ். மார்லிஸ் என்ற இடத்தில் காலரி சிரிக்கும். ஓ, வந்துட்டாங்களா என்று யாராவது கத்துவார்கள், நானாக இருந்தாலும் கத்துவேன். அந்த நடை உன்னுடையது. அதில் நான் வேடிக்கையாக வர வேண்டாம். காலீனிடம் கேள், அவளுக்கு இரண்டு கை இருக்கிறது, ஒன்றில் பிரெட், ஒன்றில் நீ. பத்திரிகைக்கும் திருத்தம் போடும் வேலை மிச்சம். நான் வீட்டில் ரேடியோ கேட்கிறேன். தீர்மானித்துவிட்டேன், இதில் பேச்சுக்கு இடமில்லை.

குளிருக்குக் கனமான காலுறை போடு. பிரெட்டுக்கும் உன் பயிற்சியாளருக்கும் என் மரியாதை. பயிற்சியாளர் அடுத்த முறை இப்படி ஏதாவது திட்டம் போட்டால் அம்மாக்களுக்கு மட்டும் முன்னால் சொல்லட்டும், நாங்கள் யாரிடமும் சொல்ல மாட்டோம், காலீனைத் தவிர. கர்த்தர் உன்னை எழும்பும்போதும் உட்காரும்போதும் காக்கட்டும். உன் இரண்டு காலுக்கும் என் ஆசி, வலது காலுக்குக் கொஞ்சம் கூடுதல்.

என்றும் உன் அம்மா,
மார்லிஸ்

பி.கு.: தபாலில் போட்டால் சனிக்கிழமைக்குள் கிடைக்காது என்று நானே கொண்டுவந்தேன். உன் விடுதி வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்புவதாகத்தான் திட்டம். மைதானத்தைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்தி இதை எழுதுகிறேன். நீ தனியாக உதைத்துக்கொண்டிருக்கிறாய். மற்றவர்கள் எல்லாம் அந்தக் கோடியில், உன் பக்கம் ஒருத்தரும் இல்லை. முதல் பந்தைப் பார்த்தேன். கண்ணைத் திறந்துகொண்டே. கம்பத்துக்கு இடப்பக்கம் வெளியே போனது. ஒன்றும் ஆகவில்லை. நீ தோளைக் குலுக்கிவிட்டு அடுத்ததை வைத்தாய். அது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அதையும் பார்த்தேன். மூன்றாவது நடுவே போனது, கத்த யாரும் இல்லை. எல்லாம் தீர்ந்ததும் நீயே ஓடிப்போய் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சட்டையில் கட்டிக்கொண்டு திரும்பி வருகிறாய். மேலே சனிக்கிழமை பற்றி எழுதியிருப்பதை அடித்துவிட்டுப் படி. காரைப் பூட்டிவிட்டு, கம்பத்துக்குப் பின்னால் போய் நிற்கிறேன், பந்து பொறுக்க.